எச் பாரம் கழன்ற புத்தகம்

பழைய புத்தகமாக வாங்கியது. பிரித்த உடனே நடுவிலிருந்து 16 பக்கங்கள் ஒரே கொத்தாகக் கழன்று மடியில் விழுந்தன. 113 முதல் 128 வரை. ஜெர்மனியின் வைமர் குடியரசைப் பற்றிய ஆங்கில வரலாற்று நூல் அது. 1918 நவம்பரில் மன்னராட்சி விழுந்ததில் தொடங்கி 1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பிரதமராகப் பதவியேற்றதோடு முடிகிறது. 320 பக்கம். லண்டனில் 1943இல் அச்சானது, அதாவது அந்த முடிவின் விளைவாக வந்த போர் நடந்துகொண்டிருந்தபோதே. விழுந்த 16 பக்கங்கள் 1923ஆம் ஆண்டைப் பற்றியவை. முன்பு இதை வைத்திருந்தவர் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பத் திறந்திருக்க வேண்டும், தையல் அங்கேதான் முதலில் விட்டிருக்கிறது.

இதைச் சரிசெய்ய எனக்கு மாலை நேரங்களாக மூன்று வாரம் பிடித்தது. பழைய புத்தகம் வாங்குகிறவர்களுக்கு உதவும் என்பதால் செய்ததையும் தவறவிட்டதையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் புத்தகத்தின் நிலைமை. முதுகுத் துணி பாதி போய்விட்டது. முன் அட்டை ஒரு நூலில் தொங்கியது. ஆறு பாரங்கள், அதாவது மடித்துத் தைத்த 16 பக்கக் கொத்துகள், தளர்ந்திருந்தன, முதலில் மடியில் விழுந்த எச் பாரம் முழுதாகவே வெளியே. கடைசியில் ஒட்டியிருந்த மடிப்பு வரைபடம் மடிப்புகள் சந்திக்கும் இடங்களில் கிழிந்திருந்தது. ஓரங்களில் ராமபாணப் பூச்சி கொஞ்சம் மேய்ந்திருந்தது, ஆனால் எழுத்தைத் தொடவில்லை. எல்லாவற்றையும்விட மோசமானது இரண்டு இடங்களில் யாரோ ஒட்டியிருந்த செல்லோடேப். பழுப்பேறி, ஓரத்தில் பிசின் கசிந்து, அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது.

தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. தலைப்புப் பக்கத்தின் பின்னால் ஒரு சின்ன முத்திரை, புத்தகத்தின் மேல் ஒரு சிங்கம். பிரிட்டனில் 1942இல் பதிப்பாளர்கள் ஏற்றுக்கொண்ட போர்க்காலச் சிக்கன விதிகளின்படி அச்சிட்ட புத்தகம் என்பதற்கான அடையாளம் அது. எழுத்து எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும், பக்கத்தில் எவ்வளவு இடம் வெறுமையாக விடலாம், தாள் எவ்வளவு கனம், அட்டை எவ்வளவு தடிமன் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு இருந்தது. காகிதத்துக்கு 1940இலேயே ரேஷன் வந்துவிட்டது. அந்த ஏப்ரலில் ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்ததும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்துகொண்டிருந்த மரக்கூழ் நின்றுபோனது. அதனால் கிடைத்ததை வைத்துத் தாள் செய்தார்கள், மட்டமான தாள், சீக்கிரம் பழுப்பாகும், மடித்தால் உடையும். இந்தப் புத்தகம் எந்த ஆட்சி எப்படி வந்தது என்று விளக்குகிறதோ அந்த ஆட்சியின் கைரேகை இந்தத் தாளிலேயே இருக்கிறது. இது மனதில் பட்ட பிறகு, வெளுக்க வைப்பது, ஓரத்தை வெட்டிப் புதிதாக்குவது போன்ற எண்ணமெல்லாம் போய்விட்டது. பழுப்பு அப்படியே இருக்கட்டும், ஓரமும் அப்படியே இருக்கட்டும். பிரித்துப் படிக்க முடிந்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

பைண்டிங் கடையில் கொடுக்காததற்கும் காரணம் இந்தச் சிக்கனம்தான். கழன்ற புத்தகம் என்றால் வழக்கமாகச் செய்வது குத்துத் தையல்: பக்கங்களை அடுக்கி, முதுகிலிருந்து அரை அங்குலம் தள்ளி மேலிருந்து கீழாகத் துளை போட்டு இறுக்கித் தைத்து, மூன்று பக்கமும் கட்டிங் மிஷினில் வெட்டிவிடுவார்கள். கணக்கு நோட்டுக்கும் பள்ளிப் புத்தகத்துக்கும் அது சரி, பல வருடம் உழைக்கும். ஆனால் இந்தப் புத்தகத்தின் உள் ஓரமே அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடத்தான். குத்துத் தையல் போட்டால் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லோ கடைசிச் சொல்லோ மடிப்புக்குள் போய்விடும், விரித்துப் பிடித்தால் அந்த மட்டத் தாள் தையலோரத்தில் ஒடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பாரத்தையும் அதன் மடிப்பு வழியாகத்தான் தைத்தாக வேண்டும், முதலில் தைத்திருந்தது போலவே.

சரி, பிரிப்பதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் ஒரு சின்ன எழுத்து அச்சாகியிருக்கும், பைண்டர் வரிசை தவறாமல் அடுக்குவதற்காக. முதல் பாரத்தில் எழுத்து இல்லை, அதை ஏ என்று வைத்துக்கொள்வது வழக்கம். 17ஆம் பக்கத்தில் பி, 33இல் சி என்று குறித்துக்கொண்டே போனேன். 129ஆம் பக்கத்தில் ஐ. அதற்கு அடுத்து கே. ஜே இல்லை. எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது, ஒரு பாரம் முழுதாகக் காணவில்லை, 16 பக்கம் போச்சு என்று. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் பக்க எண்ணைப் பார்க்கத் தோன்றியது: ஐ பாரம் 144இல் முடிகிறது, கே பாரம் 145இல் தொடங்குகிறது, வாக்கியமும் நடுவில் அறுபடாமல் தொடர்கிறது. எதுவும் போகவில்லை. அச்சுக்காரர்கள் லத்தீன் வழக்கப்படி 23 எழுத்துகளைத்தான் பயன்படுத்தினார்கள். லத்தீனில் ஐயும் ஜேயும் ஒன்று, யுவும் வியும் ஒன்று, டபிள்யூ கிடையாது. ஆகவே பாரக் குறியில் ஜே, வி, டபிள்யூ வராது. என் புத்தகம் ஏயிலிருந்து யு வரை, ஜே நீங்கலாக 20 பாரம், 20 பெருக்கல் 16, 320 பக்கம். கணக்கு சரியாக வந்தது. பழைய ஆங்கிலப் புத்தகத்தில் ஜே பாரம் இல்லையே என்று யாரும் பதற வேண்டாம்.

அப்புறம் தூசி. மென்மையான தூரிகையால் உள் மடிப்பிலிருந்து வெளியே தள்ளித் தள்ளி எடுத்தேன், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம். அழுக்கு ஒட்டியிருந்த ஓரங்களில் ரப்பர்த் தூளைத் தூவி விரலால் மெதுவாக உருட்டினேன். பி பாரத்துக்குப் பிறகு வேலை பழகிவிட்டது, கை தானாக ஓடியது. கை தானாக ஓடுவதுதான் ஆபத்து. 1930இல் பிரதமர் ப்ரூனிங்கின் ஆட்சி தொடங்கும் இடத்தில், ஓரத்தில் பென்சிலில் மிக மெல்லிய எண்கள் இருந்தன. ரப்பர்த் தூள் தூவிவிட்டேன், உருட்டுவதற்கு ஒரு கணம் முன்பு கண்ணில் பட்டது. ஒரு நிரையில் 98, 34, 5. பக்கத்திலேயே இன்னொரு நிரையில் 5, 44, 66. தலைப்பு எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்த அத்தியாயத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: 1930, 1931, 1932 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஜெர்மன் பாராளுமன்றமான ரைக்ஸ்டாக் நிறைவேற்றிய சட்டங்கள் முதல் நிரை, அரசியல் சாசனத்தின் 48ஆம் பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் பிறப்பித்த அவசரச் சட்டங்கள் இரண்டாவது. பாராளுமன்றம் சட்டம் இயற்றுவது 98இலிருந்து 5ஆகக் குறைகிறது, குடியரசுத் தலைவரின் ஆணைகள் 5இலிருந்து 66ஆக ஏறுகின்றன. 1919இல் அரசியல் சாசனம் எழுதியவர்கள் ஆபத்துக் காலத்துக்கென்று வைத்த ஒரு கதவு, மூன்றே ஆண்டில் தினசரி வாசலாகிவிட்டது. நூலாசிரியர் இதைச் சில பத்திகளில் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். ஓரத்தில் எழுதியவர் ஆறு எண்ணில் சொல்லிவிட்டார். யார் அவர் என்று தெரியாது, ஆனால் கவனமாகப் படித்த ஒருவர். அந்தப் பக்கத்தில் தூளை ஊதி எடுத்துவிட்டு வேறு எதுவும் செய்யவில்லை. அதற்குப் பிறகு பக்கத்தை முழுதாகப் படித்து முடித்த பிறகுதான் சுத்தம் செய்வது என்று வைத்துக்கொண்டேன். வேலை மூன்று மடங்கு இழுத்தது. அப்படித்தான் இந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன்.

இன்னொரு இடத்தில் நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் துண்டு பல ஆண்டுகளாகக் கிடந்திருக்கிறது. அதைச் சுற்றிலும் தாள் வெளிர் பழுப்பு, அது இருந்த இடத்தில் மட்டும் அடர்ந்த காப்பி நிறத்தில் ஒரு செவ்வகம், இரண்டு பக்கத்திலும். செய்தித்தாளின் அமிலம் இறங்கியதால் வந்த நிழல் அது. துண்டைத் தனி உறையில் போட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று உறையில் எழுதி வைத்தேன். புத்தகத்துக்குள் செய்தித்தாள் துண்டையோ காய்ந்த பூவையோ விட்டு வைக்காதீர்கள், தயவுசெய்து.

இப்போது செல்லோடேப். முழு வேலையிலும் நான் செய்த பெரிய தவறு இங்கேதான்.

எச் பாரத்தின் நடுத்தாள், அதாவது 120, 121ஆம் பக்கங்கள், மடிப்போடு நெடுக டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. 120ஆம் பக்கத்தில் டாலருக்கு எத்தனை ஜெர்மன் மார்க் என்ற அட்டவணை. 1914 ஜூலையில் 4.2. 1923 ஜனவரியில், பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ஜெர்மனியின் ரூர் பகுதிக்குள் நுழைந்த மாதம், ஏறத்தாழ 18,000. ஆகஸ்டில் 46 லட்சம். நவம்பரில் 4,200,000,000,000, நம் கணக்கில் 4.2 லட்சம் கோடி. அச்சுக்காரர் எண்களை வலது பக்கம் நேராக நிறுத்தியிருந்தார், அந்த வலது பக்கம்தான் மடிப்பு, அதன் மேல்தான் டேப். டேப்பின் ஒரு முனை காய்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் பிடித்து லேசாக இழுத்தேன், சுலபமாக வந்தது, சுலபமாக வருகிறதே என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன். தாளின் மேல்தோலும் கூடவே உரிந்து வந்தது, நவம்பர் வரிசையின் கடைசி இரண்டு சுழிகளோடு.

உடனே நிறுத்தினேன். அன்று வேறு எதையும் தொடவில்லை. அடுத்த நாள் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: முடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் ஒரு அடி தள்ளிப் பிடித்து, டேப்பின் பிசின் இளகும்வரை காத்திருந்து, மெல்லிய தட்டைக் கத்தியைத் தாளோடு படுக்கவைத்து டேப்புக்கு அடியில் நுழைத்து, ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர். டேப்பை மேல்நோக்கித் தூக்கக் கூடாது, பின்னோக்கி மடித்து, தாளைத் தொட்டபடியே உருட்டிக்கொண்டு போக வேண்டும். படலம் போன பிறகு மிச்சமிருந்த பிசினைச் செருப்பு அடிப்பாகத்துக்குப் போடும் கிரேப் ரப்பர்த் துண்டால் உருட்டி உருட்டி எடுத்தேன். கறை போகவில்லை, போகவும் போகாது. கரைப்பான் போட்டால் குறையலாம், ஆனால் இந்தத் தாளில் கறை விரிந்து அடுத்த வரிக்கும் பரவும் என்று பயந்து விட்டுவிட்டேன். இரண்டு சுழிகளில் ஒன்றின் கீழ்ப்பாதி மட்டும் தாளில் தங்கியிருக்கிறது, மற்றொன்று முழுதும் போய்விட்டது. மை வைத்து வரைந்துவிடலாம், நன்றாகவே வரும். வரையவில்லை. அச்சில் இல்லாததை நான் சேர்க்கக் கூடாது. உறையில் இருக்கும் துண்டோடு உரிந்த டேப்பையும் வைத்திருக்கிறேன், அதில் சுழிகள் தெரிகின்றன.

அந்த அட்டவணையின் முடிவு என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது. 1923 நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புதுப் பணம் வந்தது. ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க். பன்னிரண்டு சுழிகளை அடித்துவிட்டால் டாலர் மறுபடியும் 4.2க்கே வந்து நிற்கிறது, 1914இல் இருந்த அதே எண். தாளில் எதுவுமே நடக்காதது போல. ஆனால் இடையில் ஆயுள் முழுதும் சேர்த்த சேமிப்பும், போர்க்கடன் பத்திரத்தில் போட்ட பணமும் ஒன்றுமில்லாமல் போயிருந்தன. புத்தகம் இந்த இடத்தில் ஏன் ஒடிந்தது என்று எனக்குப் புரிகிறது.

பசைக்கு வருவோம். பைண்டர்கள் மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சிக்கு அது சரி, தாளுக்குச் சரியில்லை, செம்பு கலந்த உப்பு காலப்போக்கில் தாளை அரிக்கும். நான் பயன்படுத்தியது கோதுமை ஸ்டார்ச், அதாவது மாவிலிருந்து பசைப்புரதத்தைக் கழுவி நீக்கிய வெறும் மாச்சத்து. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், அரை மணி ஊறல், அப்புறம் சின்னத் தீயில் இருபது இருபத்தைந்து நிமிடம் கை விடாமல் கிண்டல். முதலில் பால் போல இருக்கும், திடீரென்று கெட்டியாகும், அங்கேயே நிறுத்திவிடக் கூடாது, இன்னும் கிண்டினால் கண்ணாடி போலக் கொஞ்சம் தெளியும். ஆறியதும் சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, தேவைக்குத் தண்ணீர் சேர்த்துத் தூரிகையில் வழுக்கும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான்கு நாள்தான் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்ச வேண்டும். வெள்ளைப் பிளாஸ்டிக் பசையைத் தாளில் எங்கேயும் தொடவிடவில்லை, காய்ந்துவிட்டால் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ஸ்டார்ச் பசையை எத்தனை வருடம் கழித்தும் ஈரம் காட்டிப் பிரிக்கலாம். இதன் அருமை எனக்கு அடுத்த வாரமே தெரிந்தது.

முதுகில் இருந்த பழைய வச்சிரப் பசை கல்லாகியிருந்தது. அதன் மேல் இந்த ஸ்டார்ச் பசையையே தடிமனாகப் பூசி கால் மணி நேரம் விட்டால் ஊறி இளகும், பிறகு மரக்குச்சியால் சுரண்டி எடுக்கலாம். நேரத்தைக் கூட்டாதீர்கள், ஈரம் மடிப்புக்குள் இறங்கிவிடும். ஒரு பாரம் ஒரு பாரமாக, பழைய நூலை உள்பக்கம் வெட்டிப் பிரித்தேன்.

மடிப்பு கிழிந்த தாள்களுக்கு ஜப்பானியத் தாள் வைத்து முதுகு ஒட்டு. அந்தத் தாளை வெட்டக் கூடாது, ஈரத் தூரிகையால் கோடு இழுத்துக் கிழித்தால் ஓரத்தில் நார்கள் பூனை முடி போல நீண்டு நிற்கும், அந்த நார்தான் பிடிப்பு. ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டைகள். ஆர்வத்தில் ஆறு பாரங்களிலும் எல்லாத் தாளுக்கும், கிழிந்ததோ இல்லையோ, ஒட்டிவிட்டேன். அடுக்கிப் பார்த்தால் முதுகுப் பக்கம் மட்டும் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் உப்பி, புத்தகம் ஆப்பு போல நின்றது. அப்படியே தைத்தால் அட்டை மூடாது. ஒன்றும் செய்வதற்கில்லை, ஈரப் பஞ்சை வைத்து, காத்திருந்து, ஒட்டியதில் பாதிக்கு மேல் பிரித்தெடுத்தேன். தாளுக்கு ஒரு சேதமும் இல்லாமல் வந்தது. ஒவ்வொரு பாரத்திலும் வெளித்தாளுக்கும் நடுத்தாளுக்கும், நிஜமாகக் கிழிந்திருந்தவற்றுக்கும் மட்டும், இன்னும் மெல்லிய தாளில் மறுபடி ஒட்டினேன். வெள்ளைப் பசை போட்டிருந்தால் புத்தகம் அன்றோடு முடிந்திருக்கும்.

தையல்தான் இந்த வேலையிலேயே நிம்மதியான பகுதி. மேசை விளிம்பில் மூன்று பருத்திப் பட்டைகளைக் கட்டி, முடிந்தவரை பழைய துளைகளிலேயே, துளை தேய்ந்த இடத்தில் குத்தூசியால் மடிப்பின் நடுவே புதிதாகக் குத்தி, மெழுகு தடவிய மெல்லிய லினன் நூலால் யு பாரத்திலிருந்து ஏ வரை தைத்தேன். பாரத்துக்குள் ஊசி நுழைந்து, பட்டையைச் சுற்றி வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், கடைசித் துளையில் வெளியே வந்ததும் கீழே இருக்கும் பாரத்தின் தையலில் கோத்து ஒரு முடிச்சு. நூலை இழுக்கும்போது முதுகுக்கு இணையாக இழுக்க வேண்டும், செங்குத்தாக இழுத்தால் மட்டத் தாளை நூல் வெண்ணெய் போல அறுத்துவிடும். ஒரு பாரத்துக்குப் பத்து நிமிடம். எச் பாரத்தைத் தைக்க அரை மணி எடுத்துக்கொண்டேன்.

பிறகு முதுகில் மெல்லிய பசை, அதன் மேல் சல்லாத்துணி, அதன் மேல் ஒரு அடுக்குத் தாள். இதற்குத் தாளின் நார் புத்தகத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும், மாறிப்போனால் காயும்போது முதுகு வளையும். ஒரு துண்டைக் கிழித்துப் பார்த்தாலே தெரியும், நார் ஓடும் திசையில் நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகக் கிழியும். பழைய அட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டேன். அவற்றின் துணியை முதுகோரத்தில் கொஞ்சம் தூக்கி, அதற்கு அடியில் புதிய காலிகோ துணியைச் செருகி ஒட்டினேன். நிறம் கொஞ்சம் வேறுதான், பழையது எது புதியது எது என்று யார் பார்த்தாலும் தெரியும், தெரியட்டும். அட்டைக்கும் தாளுக்கும் நடுவில் மெழுகுத்தாளும் மை ஒற்றும் தாளும் வைத்து, இரண்டு பலகைக்கு இடையில் நான்கு நாள் எடை ஏற்றி வைத்தேன். ஒற்றுத்தாளை முதல் நாள் மூன்று முறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே தங்கிப் பூசணம் பிடிக்கும்.

ஐந்தாம் நாள் எடுத்துத் திறந்தேன். முதல் இரண்டு பாரம் கொஞ்சம் இறுக்கம், அங்கே நூலை அதிகமாக இழுத்திருக்கிறேன். கே பாரம் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கி நிற்கிறது. 120ஆம் பக்கம் மேசையில் தட்டையாக விரிகிறது, அட்டவணை கடைசி எண்வரை தெரிகிறது, அந்த ஒன்றரைச் சுழி நீங்கலாக. பென்சில் எண்கள் இருக்கும் பக்கமும் கையை வைத்துப் பிடிக்காமலே திறந்து நிற்கிறது.

வரைபடம் மட்டும் பாக்கி. 1919 வெர்சாய் உடன்படிக்கைக்குப் பிந்தைய எல்லைகளைக் காட்டும் படம், மடிப்புகள் சந்திக்கும் நான்கு இடத்திலும் ஓட்டை. பின்பக்கம் முழுதும் ஜப்பானியத் தாள் கொடுத்தால்தான் நிற்கும், ஆனால் அதில் இரண்டு நிற மை இருக்கிறது, ஈரத்தில் சிவப்பு ஓடுமா என்று ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை மடிக்காமல் ஒரு பெரிய உறையில் கிடக்கிறது.